கதவு மூடி நாலு நிமிஷம் ஆச்சாம். கனெக்‌ஷன் விட்டுட்டு தரையில உக்காந்திருக்கேன், இப்போ என்ன பண்றது?

அரைத்தூக்கம் · இரவு 1.52

மக்களே, ஏர்போர்ட்ல சுவத்துல சாஞ்சு உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. ஆபீஸ் வேலையா போறேன். டிக்கெட்ல நடுவுல இறங்கி மாற 70 நிமிஷம் கேப். முதல் ஃப்ளைட்டே 50 நிமிஷம் லேட்டு, அதுவும் ஒரேயடியா சொல்லல, பத்து பத்து நிமிஷமா தள்ளித் தள்ளி வச்சாங்க, காரணம் கேட்டா "ஆபரேஷனல்". இறங்கி ஓடினா மறுபடி ஒரு செக்யூரிட்டி வரிசை, லேப்டாப்பை வெளிய எடு, பெல்ட்டைக் கழட்டு, எல்லாம் முடிச்சு ஒரு கையில ஷூவும் இன்னொரு கையில பெல்ட்டுமா கேட்டுக்கு வந்து நின்னா "கதவு மூடி நாலு நிமிஷம் ஆச்சு சார்"ங்கறாங்க. கண்ணாடி வழியா பாக்குறேன், விமானம் அங்கயேதான் நிக்குது, ஏரோபிரிட்ஜ் கூட இன்னும் எடுக்கல, காக்பிட்ல ஒருத்தர் கப்புல எதையோ ஊதி ஊதிக் குடிச்சிட்டிருக்கார். அதுக்கப்புறம் 11 நிமிஷம் அங்கயே நின்னுச்சு. நான் எண்ணினேன்.

டிரான்ஸ்ஃபர் டெஸ்க்ல எனக்கு முன்னாடி அறுபது பேர் இருப்பாங்க. என் முறை வந்தப்போ "சிஸ்டம் உங்களை நாளன்னைக்கு சாயந்திரம் ஃப்ளைட்ல போட்டிருக்கு"ன்னாங்க. இங்கதான் பிரச்சனை. நான் போறது ஒரு ஃபேக்டரிக்கு, அளவு பாக்குற கருவிகளை எல்லாம் கேலிபரேட் பண்ணணும், அதாவது சரியா காட்டுதான்னு பாத்து சரிபண்ணணும், அதுக்காக நாளைக்கு மத்தியானத்துலேந்து 36 மணி நேரம் உற்பத்தி லைனை நிறுத்துறாங்க. கேலிபரேஷன் கிட் செக்-இன் பெட்டியில இருக்கு, ஏன்னா கையில 7 கிலோதான் விடுவேன்னாங்க. பெட்டி எங்க இருக்குன்னே தெரியல.

கவுன்ட்டர்ல இருந்த பொண்ணுகிட்ட கத்திட்டேன். நிஜமாவே கத்திட்டேன், பக்கத்து வரிசைக்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. இப்போ வெக்கமாவும் இருக்கு, கோபமும் போகல. என்ன பண்ணலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜன்னலோர_சீட்டு · இரவு 1.58

முதல் கேள்வி, ஒரே டிக்கெட்டா ரெண்டு தனி டிக்கெட்டா? மத்ததெல்லாம் அப்புறம்தான்.

அரைத்தூக்கம் · இரவு 2.01

ரெண்டும் வேற வேற ஏர்லைன்ஸ். பிஎன்ஆர் ஒண்ணுதான். அப்போ ஒரே டிக்கெட்தானே?

ஜன்னலோர_சீட்டு · இரவு 2.05

அப்படி சொல்லிட முடியாது ப்ரோ. புக்கிங் சைட்காரன் ரெண்டு தனி டிக்கெட்டை ஒரே ரெஃபரன்ஸ்ல கட்டி வித்திருக்கலாம். ஈ-டிக்கெட் ரசீதைத் திறந்து 13 இலக்க டிக்கெட் நம்பரைப் பாருங்க. ரெண்டு ஃப்ளைட்டுக்கும் ஒரே நம்பர் போட்டிருந்தா ஒரே டிக்கெட். ரெண்டு நம்பர் இருந்து, முதல் மூணு இலக்கமும் வேற வேறயா இருந்தா ரெண்டு கம்பெனி தனித்தனியா குடுத்தது, அப்படின்னா ரெண்டாவது ஏர்லைன்ஸைப் பொறுத்தவரை நீங்க சும்மா லேட்டா வந்த ஆளு, அவ்வளவுதான். நான் ஒரு தடவை அப்படி மாட்டி புதுசா டிக்கெட் வாங்கித்தான் போய்ச் சேர்ந்தேன்.

அரைத்தூக்கம் · இரவு 2.09

ஒரே நம்பர்தான்!! அப்பாடா. ஆனா ரெண்டாவது ஏர்லைன்ஸ் "உங்களை லேட் பண்ணவங்களைக் கேளுங்க"ங்கறான், முதல் ஏர்லைன்ஸ் "நீங்க விட்டது அவங்க ஃப்ளைட்தானே"ங்கறான். பந்து மாதிரி அடிச்சு விளையாடுறாங்க.

கோபக்காரன்_27 · இரவு 2.11

கத்தினது தப்பே இல்ல பாஸ். கத்தினாத்தான் இங்க வேலை நடக்கும். காசு குடுத்திருக்கோம், வெக்கம் எதுக்கு? மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க, வீடியோ எடுங்க.

கவுன்ட்டர்_பக்கம் · இரவு 2.20

நைட் ஷிஃப்ட்ல இருக்கேன், வேற ஊர், வேற ஏர்லைன்ஸ், ஆனா அதே மாதிரி டெஸ்க்தான், அதனால சொல்றேன். ஒன்பது வருஷமா இந்த வேலை.

அரைத்தூக்கம் சார், முதல்ல உங்க வேலை. ஒரே டிக்கெட்னா, உங்களை லேட்டா கொண்டு வந்து இறக்கின ஏர்லைன்ஸ்தான் உங்களை வேற வழியில அனுப்பணும். ரெண்டாவது ஏர்லைன்ஸ் டெஸ்க்ல நிக்காதீங்க. முதல் ஏர்லைன்ஸோட டெஸ்க் எதுன்னு கண்டுபிடிங்க, சில ஊர்ல அவங்களுக்கு சொந்த ஆள் இருக்காது, வேற ஒரு ஏஜென்ஸி பாக்கும், அவங்ககிட்ட போங்க.

ரெண்டாவது, "நாளன்னைக்கு சாயந்திரம்"னு வந்தது மெஷின் போட்டது. நீங்க வானத்துல இருக்கும்போதே சிஸ்டம் அதைப் போட்டிருக்கும். அது பெரும்பாலும் அதே ஏர்லைன்ஸ் அதே வழியில காலியா இருக்குற அடுத்த சீட்டைத்தான் தேடும். வேற ஊர் வழியா சுத்திப் போகலாமா, வேற கம்பெனியில போடலாமாங்கறதெல்லாம் ஆள் உக்காந்து தேடினாத்தான். எனக்கு முன்னாடி அறுபது பேர் நிக்கும்போது நான் ஒவ்வொருத்தருக்கும் நாலு வழி தேட மாட்டேன், உண்மையைச் சொல்லிடறேன். அதனால நீங்களே போன்ல தேடி, ஃப்ளைட் நம்பரோட எழுதிக்கிட்டுப் போங்க. "எதாவது பண்ணுங்க"ன்னு வர்றவரை விட "இந்த நம்பர் ஃப்ளைட்ல சீட் காட்டுது, இதுல போட முடியுமா"ன்னு வர்றவருக்கு எனக்கு மூணு நிமிஷ வேலைதான். ரெண்டு மூணு ஆப்ஷன் வச்சுக்கங்க, எல்லா ஏர்லைன்ஸோடயும் எங்களுக்கு ஒப்பந்தம் இருக்காது.

வரிசையில நிக்கும்போதே ஆப்லயும் பாருங்க, கால் சென்டருக்கும் அடிங்க. யார் முதல்ல எடுக்கறாங்களோ அவங்ககிட்ட மாத்திக்கங்க. ஆனா ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல மாத்த விடாதீங்க, குழம்பிடும்.

மூணாவது, இது ரொம்ப முக்கியம். கோபத்துல "போங்கடா"ன்னு நீங்களே தனியா ஒரு டிக்கெட் வாங்கிப் போயிடாதீங்க. மீதி இருக்குற பயணத்துல நீங்க நோ-ஷோ, அதாவது சொல்லாம வராத ஆளு ஆனா அதுக்கு அப்புறம் இருக்குற எல்லாமே ரத்தாகும், ரிட்டர்ன் உட்பட. வாரம் ஒருத்தராவது இப்படி ரிட்டர்ன் அன்னைக்கு வந்து நிப்பாங்க.

கோபக்காரன் சார், உங்களுக்கு அப்புறம் பதில் சொல்றேன், ஒரு குடும்பம் வந்து நிக்குது.

அரைத்தூக்கம் · இரவு 2.24

மேடம் கும்புடறேன். தனியா டிக்கெட் வாங்கறதுக்கு கார்டு நம்பர் வரைக்கும் போட்டு வச்சிருந்தேன். தேடறேன் இப்போ.

பழைய_பாஸ்போர்ட் · இரவு 2.31

தம்பி, ஃப்ளைட் விஷயத்தை அந்தம்மா சொல்லிட்டாங்க. நான் வேலை விஷயம் சொல்றேன், இருபத்தஞ்சு வருஷம் இப்படி சைட் சைட்டா அலைஞ்சவன்.

கஸ்டமருக்கு இன்னும் சொல்லலைன்னு நினைக்கிறேன். "ஏதாவது வழி கிடைச்சதும் சொல்லலாம்"னு உக்காந்திருப்பீங்க. இப்பவே சொல்லுங்க, நடுராத்திரியா இருந்தாலும் மெசேஜ் போடுங்க. "பாத்துட்டிருக்கேன், சொல்றேன்"னு போடாதீங்க, அது அவங்களுக்கு எதுக்கும் உதவாது. ரெண்டு நேரம் குடுங்க. சீக்கிரம்னா இத்தனை மணி, மோசம்னா இத்தனை மணி, அடுத்த தகவல் காலையில ஆறு மணிக்கு. லைனை நிறுத்தறதா வேண்டாமான்னு முடிவெடுக்க வேண்டியவன் ஒருத்தன் அங்க இருக்கான், அவனுக்கு வேண்டியது அந்த ரெண்டு நேரம்தான். கூடவே நீங்க இல்லாம முன்னாடியே செய்யக்கூடிய வேலை என்னென்னன்னு எழுதி அனுப்புங்க. கழட்டறது, துடைக்கிறது, கேபிள் பாக்குறது, பழைய ரீடிங் எடுத்து வைக்கிறது. வரிசையைத் திருப்பிப் போட்டா ஆறு மணி நேரம் மிச்சமாகும்.

அப்புறம் கிட்டை செக்-இன்ல போட்டது. இனிமே வேண்டாம். துணி போகட்டும், எது இல்லாம வேலை நடக்காதோ அது கையிலதான் வரணும். எடை அதிகம்னா துணியைத் தூக்கி செக்-இன்ல போடுங்க.

அரைத்தூக்கம் · இரவு 2.34

சார் கரெக்டா பிடிச்சீங்க, இன்னும் சொல்லல. கை நடுங்குது அந்த மெசேஜ் போட. போடறேன்.

சும்மா_வந்தேன் · இரவு 2.40

யூரோப்னா 600 யூரோ கேக்கலாமே? என் ஃப்ரெண்டுக்கு கிடைச்சுது.

ஜன்னலோர_சீட்டு · இரவு 2.52

அது ஐரோப்பிய யூனியனோட 261/2004 விதி. யூனியன்லேந்து கிளம்பினா எந்த ஏர்லைன்ஸா இருந்தாலும் பொருந்தும், வெளியிலேந்து உள்ள போறதுன்னா அந்த ஊர் ஏர்லைன்ஸா இருந்தாத்தான். தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ, கடைசி ஊருக்கு மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டா போய்ச் சேரணும். கனெக்‌ஷன் விட்டா கடைசி ஊர்ல இறங்குன நேரத்தை வச்சுத்தான் கணக்குன்னு 2013-லயே அவங்க கோர்ட் சொல்லிடுச்சு, அதனால முதல் ஃப்ளைட் 50 நிமிஷம்தான் லேட்டுன்னு தப்பிக்க முடியாது. மோசமான வானிலை மாதிரி காரணம்னா காசு கிடையாது, ஆனா அப்பவும் சாப்பாடு, தங்க இடம் குடுத்தே ஆகணும். நம்மாளு ரூட்ல ஐரோப்பா இருக்கா?

அரைத்தூக்கம் · இரவு 2.55

இல்ல ப்ரோ. பக்கத்துலகூட போகல.

ஜன்னலோர_சீட்டு · இரவு 3.04

அப்போ உங்களுக்கு 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைதான். சர்வதேசப் பயணத்துக்கு பெரும்பாலான நாடுகள் ஒத்துக்கிட்டது. அதுல "இத்தனை மணி நேரம் லேட்டு, இந்தா காசு"ங்கற கணக்கு கிடையாது. லேட்டானதால உங்களுக்கு என்ன நஷ்டமாச்சுன்னு ரசீதோட காட்டணும், அவங்க "எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணோம்"னு நிரூபிச்சா தப்பிச்சுக்கலாம். உச்சவரம்பு எஸ்டிஆர்ல போட்டிருக்கும், அது ஐஎம்எஃப் டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு அஞ்சையும் சேர்த்து வச்சிருக்குற ஒரு கணக்கு அலகு. 2024 டிசம்பர் 28-லேந்து பயணிக்கு தாமதம்னா 6,303 எஸ்டிஆர், பெட்டிக்கு 1,519 எஸ்டிஆர். அவ்வளவு வரைக்கும் கேக்கலாம்னு அர்த்தம், அவ்வளவும் கிடைக்கும்னு நினைச்சுக்காதீங்க. ஒவ்வொரு துண்டு ரசீதையும் போட்டோ எடுங்க, தெர்மல் பேப்பர் நாளாக நாளாக வெள்ளையாயிடும்.

கவுன்ட்டர்_பக்கம் · இரவு 3.15

திரும்ப வந்துட்டேன்.

கோபக்காரன் சார், நீங்க சொன்னது ஒரு பக்கம் உண்மைதான், கத்தறவங்களை சீக்கிரம் அனுப்பிடுவோம். எங்க அனுப்புவோம்னா மெஷின் போட்ட சீட்டோட. சண்டை போடாம நிக்கிறவருக்குத்தான் "இருங்க, அந்த வழியா ஒண்ணு பாக்குறேன்"னு கை போகும். இது நியாயமான்னு கேட்டா இல்ல. மனுஷங்க இப்படித்தான்.

கதவு விஷயம் சொல்றேன், எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க, "விமானம் நிக்குதே, ஏன் ஏத்தல". கேட்டை புறப்படற நேரத்துக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே மூடிடுவோம், சில இடத்துல இருபது. கதவு மூடினதும் லோட் ஷீட் முடிவாகும், எத்தனை பேர், எவ்வளவு எடை, எங்க எடை. அதை வச்சுத்தான் பைலட் டேக்-ஆஃப் கணக்கு போடுவார். நீங்க வரலைன்னா உங்க பெட்டியைத் தேடி கீழ இறக்கணும், ஏறாத ஆளோட பெட்டி சர்வதேச ஃப்ளைட்ல சும்மா போகக் கூடாது. 1985-ல ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்துல 329 பேர் போனது, ஆள் ஏறாம குண்டு வச்ச பெட்டி மட்டும் ஏறினதாலதான். 1988-ல ஸ்காட்லாந்துல லாக்கர்பி மேல பான் ஆம் விமானம் அதே மாதிரி பெட்டிக் குண்டுல வெடிச்சு 270 பேர். அதுக்கப்புறம் இறுகின விதி இது. நீங்க எண்ணின 11 நிமிஷத்துல ஒரு பங்கு உங்க பெட்டியைத் தேடினதாக்கூட இருக்கலாம், எனக்குத் தெரியாது, ஆனா அடிக்கடி நடக்கும்.

சில சமயம் நிறுத்தி வைப்போம். ஒரே ஃப்ளைட்லேந்து முப்பது பேர் ஓடி வராங்கன்னா நிறுத்துவாங்க. ஒருத்தர் ரெண்டு பேர்னா மாட்டாங்க, ஏன்னா அந்தப் பக்கம் இறங்கி கனெக்‌ஷன் பிடிக்கவேண்டியவங்க நாப்பது பேர் உள்ள உக்காந்திருப்பாங்க, க்ரூவுக்கு டியூட்டி நேரம் முடிஞ்சுடும், விமானம் கிளம்பக் குடுத்த ஸ்லாட் நேரம் போயிடும். அந்த முடிவு கேட்ல நிக்கிற பொண்ணு கையில இல்ல. அவளுக்கு ஹெட்போன்ல "க்ளோஸ்"னு ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான்.

அரைத்தூக்கம் · இரவு 3.19

இதைப் படிச்சப்புறம் காக்பிட்ல கப் வச்சிருந்தவர் மேல இருந்த கோபம் கொஞ்சம் குறைஞ்சுது. கொஞ்சம்தான்.

கஸ்டமருக்கு மெசேஜ் போட்டேன், ரெண்டு நிமிஷத்துல பதில். "ஓகே, மெக்கானிக்கல் வேலையை முன்னாடி எடுத்துக்கறோம், லைன் நிறுத்தறதை மாத்தல." அவ்வளவுதான்!! இதுக்கா நான் ரெண்டு மணி நேரம் பயந்து செத்தேன்.

மூணு வழி எழுதி வச்சிருக்கேன். முதல் ஏர்லைன்ஸ் டெஸ்க் கீழ் தளத்துல தூணுக்குப் பின்னாடி இருந்துச்சு, போர்டு கிடையாது, ஒரு ஏ4 பேப்பர் ஒட்டியிருக்கு. ஆறு பேர்தான் வரிசை.

கோபக்காரன்_27 · இரவு 3.22

மேடம் சொன்னது புரியுது, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். மரியாதையா பேசினாத்தான் உரிமை கிடைக்கும்னா அதுக்குப் பேர் உரிமையே இல்லயே. வாய் பேச வராதவன், மொழி தெரியாதவன், முதல் தடவை பறக்குறவன் எல்லாம் என்ன பண்ணுவான்? ஃப்ளைட் நம்பர் தேடி எழுதிட்டு வர அவனுக்குத் தெரியுமா? கம்பெனி வேலையை பயணி செய்யறான்.

கவுன்ட்டர்_பக்கம் · இரவு 3.26

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல சார். நீங்க சொல்றதுதான் சரி. ஆனா கோபத்தை டெஸ்க்ல இருக்குறவ மேல காட்டாம கம்ப்ளெயின்ட்ல காட்டுங்க, அங்க எழுதினாத்தான் பதிவாகும். என்கிட்ட கத்தினது எங்கயும் பதிவாகாது, நான் வீட்டுக்குக் கொண்டு போறது மட்டும்தான்.

டிராவல்டெஸ்க்_பாவி · இரவு 3.38

தூக்கம் வரல, நானும் வரேன். கம்பெனிகளுக்கு டிக்கெட் போடற வேலை. 70 நிமிஷ கேப்னு பாத்ததும் நெஞ்சு பக்குனுச்சு.

எங்களுக்கு ஒரு விதி இருக்கு, "லோயஸ்ட் லாஜிக்கல் ஃபேர்"னு பேரு. குறைஞ்ச விலையில வர்றதை நீங்க வேண்டாம்னா காரணம் எழுதணும். மெஷினுக்கு 70 நிமிஷம் லாஜிக்கல்தான், ஏன்னா ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மினிமம் கனெக்‌ஷன் டைம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுக்கு மேல ஒரு நிமிஷம் இருந்தாலும் விக்கலாம். அது எல்லாம் சரியா நடந்தா ஓடிப்போய்ப் பிடிக்கலாம்ங்கற நேரம். வயசானவர், செக்யூரிட்டி கூட்டம், பஸ்ல கொண்டு போய் இறக்குற தூரத்து ஸ்டாண்ட், இதையெல்லாம் நினைச்சுப் போட்டது இல்ல.

நீங்க அப்ரூவல் ஃபார்ம்ல ஒரு வரி எழுதியிருந்தா போதும், "லைன் ஷட்டவுன் இருக்கு, முந்தின நாள் போய்ச் சேரணும்". நாங்க தாராளமா மூணு மணி நேர கேப் போட்டிருப்போம். யாருமே எழுத மாட்டாங்க, காரணம்ங்கற இடத்துல "மீட்டிங்"னு போட்டுட்டு போயிடுவாங்க.

மூணாம்_ஷிஃப்ட் · இரவு 3.45

எழுதினேன் பாஸ் ஒரு தடவை. ஃபைனான்ஸ்லேந்து "ஒரு நாள் கூட ஹோட்டல் எதுக்கு"ன்னு கேட்டாங்க. திரும்ப எழுதினேன். திரும்பக் கேட்டாங்க. நாலாவது மெயில்ல நானே 50 நிமிஷ கனெக்‌ஷனை ஒத்துக்கிட்டேன். விட்டேன். அழுதேன், நிஜமா, போர்டிங் பாஸ் மெஷினுக்குப் பின்னாடி நின்னு. ஒரு க்ளீனிங் அக்கா வந்து ஒண்ணும் கேக்காம டிஷ்யூ பேப்பர் ரோலையே கையில குடுத்துட்டுப் போனாங்க.

அரைத்தூக்கம் · காலை 4.27

கிடைச்சுருச்சு!! மூணுல முதல் ஆப்ஷனுக்கு "அவங்களோட எங்களுக்கு ஒப்பந்தம் இல்ல". ரெண்டாவது ஓகே. காலை 6.40 கிளம்பி, நடுவுல ஒரு ஊர் மாறி, மத்தியானம் மூணு மணிக்கு போய்ச் சேரும். மெஷின் சொன்னதை விட ஒன்றரை நாள் முன்னாடி.

ஹோட்டல் கூப்பனும் குடுத்தாங்க, ஆனா வெளிய போக எனக்கு இந்த ஊர் விசா இல்ல, உள்ள இருக்குற ஹோட்டல் நிரம்பிடுச்சாம். கூப்பனை மடிச்சு பாக்கெட்ல வச்சிருக்கேன், ஞாபகார்த்தமா.

கவுன்ட்டர்_பக்கம் · காலை 4.31

சந்தோஷப்படறதுக்கு முன்னாடி திரும்ப அந்த டெஸ்குக்குப் போங்க. ரெண்டு விஷயம் கேக்கணும்.

ஒண்ணு, "டிக்கெட் ரீஇஷ்யூ ஆயிடுச்சா?" சீட் புக் ஆனது வேற, டிக்கெட் அந்த ஃப்ளைட்டுக்கு மாறினது வேற. அவசரத்துல சீட்டை மட்டும் போட்டுட்டு டிக்கெட்டை மாத்த மறந்துடுவோம். உங்க போன்ல கன்ஃபர்ம்டுன்னு பளபளன்னு காட்டும், கேட்ல போர்டிங் பாஸ் அடிக்க வராது. புது ஏர்லைன்ஸ்காரன் "டிக்கெட் இல்லயே"ம்பான்.

ரெண்டு, "பெட்டியை புது ஃப்ளைட்டுக்கு மாத்தியாச்சா?" டேக் துண்டு கையில இருக்குல்ல, அதுல பத்து இலக்கம் இருக்கும், அதைக் காட்டிக் கேளுங்க.

அரைத்தூக்கம் · காலை 4.49

மேடம். ரீஇஷ்யூ ஆகல. அந்தப் பையன் ஸ்கிரீனைப் பாத்துட்டு "ஓ"ன்னான். வெறும் "ஓ". பத்து நிமிஷம் தட்டித் தட்டி மாத்திக் குடுத்தான், இப்போ போர்டிங் பாஸ் பேப்பர்ல கையில இருக்கு. பெட்டிக்கு "மெசேஜ் அனுப்பியிருக்கு, பாக்கலாம்"னான். அந்த "பாக்கலாம்" எனக்குப் பிடிக்கல.

மொதல்ல கத்தினேனே அந்தப் பொண்ணு, அவங்க டெஸ்க் வழியாத்தான் கேட்டுக்குப் போகணும். நின்னு சாரி சொன்னேன். அவங்களுக்கு நான் யாருன்னே ஞாபகம் இல்ல. "எந்த ஃப்ளைட் சார்?"ன்னு கேட்டாங்க.

பழைய_பாஸ்போர்ட் · காலை 6.10

தம்பி ஏறியாச்சா? ஏறினதும் தூங்குங்க. போனதும் நேரா சைட்டுக்குப் போய் வீரம் காட்ட வேண்டாம், தூக்கமில்லாம எடுத்த ரீடிங்கை மறுபடி எடுக்க வேண்டி வரும், எனக்கு வந்திருக்கு.

அரைத்தூக்கம் · மறுநாள், இரவு 9.15

வந்து சேர்ந்தேன். பெட்டி வரல, நினைச்ச மாதிரியே. பெல்ட்டு நின்னு, லைட்டு அணைஞ்சு, நானும் ஒரு குழந்தை ஸ்ட்ரோலரும்தான் மிச்சம்.

கவுன்ட்டர்ல பெட்டி வரலைன்னு புகார் எழுதி, அந்தப் புகாருக்கான பிஐஆர் நம்பர் வாங்கிட்டேன், அஞ்சு எழுத்து அஞ்சு எண். அங்க இருந்த பெரியவர் நல்லவர், "இது இல்லாம வெளிய போகாதீங்க, வெளிய போயிட்டு போன் பண்ணா நம்ப மாட்டாங்க"ன்னு சொல்லிக் குடுத்தார். பெட்டி தேடுற வேர்ல்ட்டிரேசர் சைட்ல போட்டா பெட்டி இன்னும் நடுவுல இறங்கின முதல் ஊர்லயே காட்டுது. நான் மூணு ஃப்ளைட் ஏறிட்டேன், அது ஒண்ணே ஒண்ணு.

கஸ்டமர் பக்கத்துல ஒரு லேப்ல கேலிபரேட்டர் வாடகைக்கு எடுத்துக் குடுத்தாங்க, பில் எங்க கம்பெனி பேர்ல. அதை வச்சு பாதிக்கு மேல முடிச்சாச்சு. மேனேஜர் போன் பண்ணி முதல் கேள்வியா "பெட்டியை ஏன் செக்-இன் பண்ணே"ன்னார். 7 கிலோ கதையை மறுபடி சொன்னேன்.

ஜன்னலோர_சீட்டு · இரவு 9.32

தேதி எல்லாம் குறிச்சு வைங்க ப்ரோ. பெட்டி உடைஞ்சு வந்தா கையில கிடைச்சு 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும். லேட்டா வந்ததுக்கு 21 நாள். 21 நாள் ஆகியும் வரவே இல்லைன்னா தொலைஞ்சதா எடுத்துக்கிட்டு கேக்கலாம். கேஸ் போடணும்னா ரெண்டு வருஷம். ஏர்போர்ட்ல எழுதின பிஐஆரே போதும்னு நிறைய பேர் விட்டுடுவாங்க, அதை நம்பாதீங்க, ஏர்லைன்ஸுக்கு தனியா கிளெய்ம் எழுதுங்க.

இன்னொண்ணு, விலை உயர்ந்த கிட்டை செக்-இன் பண்ணியே ஆகணும்னா, பெட்டி போடும்போதே மதிப்பைச் சொல்லி கூடுதல் கட்டணம் கட்டி எழுதி வாங்கிக்கலாம், அப்போ அந்த 1,519 வரம்பு பொருந்தாது. மாண்ட்ரியல்லயே இருக்கு. கவுன்ட்டர்ல கேட்டா முழிப்பாங்க, ஆனா இருக்கு.

கவுன்ட்டர்_பக்கம் · இரவு 10.40

நான் முழிச்சதில்ல, ஆனா ஒன்பது வருஷத்துல ரெண்டே பேர்தான் கேட்டிருக்காங்க. ஒருத்தர் வயலின் வச்சிருந்தார்.

அரைத்தூக்கம் · 19 நாள் கழிச்சு

ரிட்டர்ன் என்னாச்சுன்னு ரெண்டு பேர் உள்பெட்டியில கேட்டிருந்தீங்க. ரிட்டர்ன் உயிரோடதான் இருந்துச்சு, மேடம் புண்ணியம். பெட்டி அப்புறம் ஒருவழியா வந்தது, ஒரு சக்கரம் இல்ல, கிட் முழுசா இருந்துச்சு. சக்கரத்துக்கு ஆறாம் நாள் எழுதினேன், போட்டோ கேட்டாங்க, அனுப்பினேன், ஒத்துக்கிட்டாங்க.

ஆனா கேலிபரேட்டர் வாடகைக்கு மட்டும் "அத்தியாவசியப் பொருளுக்கு மட்டுமே"ன்னு ஒரு டெம்ப்ளேட் பதில். விளக்கி எழுதினேன், அதே டெம்ப்ளேட். மூணாவது தடவை பில், கஸ்டமர் லெட்டர், பிஐஆர் எல்லாம் வச்சு அனுப்பினேன், அதே டெம்ப்ளேட், இந்த தடவை என் பேர்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோட. ஒவ்வொரு தடவையும் யாரோ புது ஆள் பாக்குற மாதிரி இருக்கு.

கவுன்ட்டர்_பக்கம் · அன்னைக்கே, இரவு 11.05

சார், ஒவ்வொரு தடவையும் புது மெயிலா அனுப்புறீங்களா, அவங்க அனுப்பின பதில் மேலயே ரிப்ளை போடறீங்களா? புதுசா அனுப்பினா புது கேஸ் நம்பர் விழும், பழையது மூடிடும், வரிசையில கடைசிக்குப் போயிடுவீங்க.

அரைத்தூக்கம் · இரவு 11.07

மூணு தடவையும் புதுசாத்தான் அனுப்பினேன்.

கோபக்காரன்_27 · இரவு 11.12

பாஸ், இப்பவாவது கத்துவீங்களா?